வெளியூரில் எடுத்த இருபத்தாறு

திங்கட்கிழமைப் பத்திரிகை எங்கள் சமையலறைக்கு வந்துசேர மத்தியானம் ஒன்றரை மணியாகிவிடும். விடுதியைப் பார்த்துக்கொண்ட ஹவுஸ்மைஸ்டர் அதைக் காலையிலேயே வாசித்து முடித்து, மேலே கோப்பிக் கோப்பையை வைத்து ஒரு வட்டமும் போட்டு, உருளைக்கிழங்குத் தோல் கொட்ட உதவும் என்று எங்களுக்குத் தருவார். தோல் விழுவதற்கு முன்னால் நான் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடிவந்து விளையாட்டுப் பக்கத்தை உருவி எடுத்துவிட வேண்டும். அது என் உத்தியோகம். எனக்கு ஒன்பது வயது. அந்த விடுதித் தமிழரில் அப்போது உத்தியோகம் இருந்தது எனக்கு மட்டும்தான்.

மற்றவர்களுக்கு வேலை செய்ய அனுமதி இல்லை, படிக்கவும் அனுமதி இல்லை. எண்பத்தைந்தில் அகதிகளாகக் கிழக்கு பேர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கி, மேற்கு பேர்லினுக்குக் கடந்து, அங்கிருந்து பிரித்து அனுப்பப்பட்ட இடம்தான் அந்த மலையடிவாரத்துச் சிறு நகரம். விடுதி முன்பு உல்லாசப் பயணிகள் தங்கும் இடமாக இருந்ததாம். வாசல் சுவரில் ஒரு மான் தலை மிச்சம் இருந்தது; அதன் கொம்பில் யாருடையதாவது ஈரத் தொப்பி தொங்கும். அப்பா, அம்மா, நான், அப்பாவின் தம்பியான சித்தப்பா, நாங்கள் நால்வரும் பதினான்காம் அறை. மற்ற அறைகளில் பெரும்பாலும் தனியாக வந்த இளந்தாரிகள். தபால்காரன் வரும்வரை காத்திருப்பார்கள், அவன் போனபின் நித்திரை கொள்வார்கள். நித்திரைக்கு மட்டும் விண்ணப்பம் கொடுக்கத் தேவையில்லை. இப்போது எனக்கு அன்றைய சித்தப்பாவைவிட வயது கூட. அந்த வருடங்களை நினைத்தால் இன்றைக்கும் கால் கடுக்கிறது.

சித்தப்பா யாழ்ப்பாணத்தில் தன் கல்லூரியின் கூடைப்பந்து அணிக்குத் தலைவராக இருந்தவர். விடுதிக்குப் பின்னால் ஒரு மைதானம் இருந்தது. ஊரிலிருந்த பொறியியல் கல்லூரி மாணவர்கள் அங்கே பயிற்சிக்கு வருவார்கள். சித்தப்பா வேலியைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் பந்து வேலி தாண்டி விழுந்தது. வெளியே நின்றபடியே அதைக் கூடைக்குள் போட்டார் என்று ஒன்பதாம் அறை அண்ணை சொல்வார். இல்லை, உள்ளே போய்த்தான் போட்டேன் என்று சித்தப்பா சொல்வார். எப்படியோ அடுத்த கிழமை அவர் அணியில் இருந்தார். கல்லூரி அணியானாலும் ஊர்க்காரர் இரண்டு பேரைச் சேர்க்கலாம் என்று ஒரு விதி இருந்ததாம். எங்களுக்குச் சாதகமாக இந்த நாட்டில் ஒரு விதி இருப்பதை எல்லோரும் அன்றுதான் கேள்விப்பட்டோம்.

அவருக்குப் படம் ஒட்டிய விளையாட்டு அட்டை ஒன்று கொடுத்தார்கள். எங்களிடம் இருந்த மற்றத் தாள்களெல்லாம் மூன்று மாதம், ஆறு மாதம் என்று காலாவதியாகிப் போய் வரிசையில் நிற்க வைக்கும். இந்த அட்டையில் முடிவுத் திகதியே இல்லை. சித்தப்பா அதைக் கோட்டின் உள்பையில் வைத்திருந்தார். வெளியே புறப்படும்போதெல்லாம் நெஞ்சை ஒருதரம் தட்டிப் பார்ப்பார். கும்பிடுகிறார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வட்டாரத்துக் கல்லூரிகளின் ஆண்கள் அணிகள் எட்டு. அவற்றின் பெயர்கள் எங்கள் ஆட்களின் வாயில் நுழையவில்லை. ஆகவே பெயர் வைத்தோம். சட்டையில் மாட்டுப் படம் போட்டவர்கள் பால்காரர். தலைவனுக்கும் பயிற்சியாளனுக்கும் தாடி இருந்ததால் ஒரு அணி தாடிக்காரர். பல்வைத்தியம் படிப்பவர்கள் பல்லுப் பிடுங்கிகள். எங்கள் அணி வெறுமனே ‘எங்கட பெடியள்’. ஆறடிக்கு மேலே வளர்ந்த அவர்களுடைய பயிற்சியாளர் நெட்டையன். ஒவ்வொரு திங்களும் நான் முடிவுகளை உரத்து வாசித்து, சமையலறைச் சுவரில் ஒட்டியிருந்த அட்டவணையில் எழுதுவேன். நித்திரையிலிருந்து எழும்பாதவர்களும் அதற்கு எழும்பி வருவார்கள்.

“வாசி பிள்ளை, பால்காரர் என்ன செய்தாங்கள்?”

“வெண்டிட்டினம்.”

“உவங்களுக்கு ஒரு நாளும் வயித்துக்குத்து வராதோ?” என்பார் ஒன்பதாம் அறை அண்ணை.

அந்த மார்கழியில் பருவம் பாதியை எட்டியது. ஒவ்வொரு அணிக்கும் ஏழாவது ஆட்டம் மட்டும் மிச்சம். பால்காரர் ஆறிலும் வெற்றி. பல்லுப் பிடுங்கிகள் இரண்டுதான் தோற்றிருந்தார்கள், ஒன்று பால்காரரிடம், மற்றது எங்களிடம். தாடிக்காரர் எல்லாம் தோற்று அடியில் கிடந்தார்கள். எங்கள் பெடியளின் கணக்கு விசித்திரமாக இருந்தது. சொந்த ஊரில் நான்கு ஆட்டம், நான்கிலும் வெற்றி. வெளியூரில் இரண்டு, இரண்டிலும் படுதோல்வி. வெளியூர் போனால் கை நடுங்கும் அணி என்று பத்திரிகை எழுதியது.

காரணம் விடுதிக்கே தெரியும். எங்களுக்குத் தந்திருந்த தாளில், மாவட்ட எல்லையைத் தாண்டக் கூடாது என்று போட்டிருந்தது. தாண்டுவதானால் வெளிநாட்டவர் அலுவலகத்தில் டெர்மீன் என்ற சந்திப்பு நேரம் எடுத்து, விண்ணப்பம் கொடுத்து, அவசரக் காரணம் காட்ட வேண்டும். அணி வெளியூர் போன இரண்டு சனிக்கிழமையும் சித்தப்பா யன்னலடியில் நின்று, அவர்களுடைய வான் வண்டி திரும்பி வருகிறதா என்று வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு மட்டும் காரணம் வேறாகச் சொல்லப்பட்டிருந்தது. சித்தப்பாவுக்குத் தூரப் பயணம் ஒத்துவராது, சத்தி வரும் என்று அம்மா சொல்லியிருந்தார். நான் அதை முழுதாக நம்பினேன். நம்புவதற்குச் சாட்சியும் இருந்தது. அந்த ஆவணியில் தூரத்து வுப்பர்டால் நகரத்தில் பெரியம்மாவுக்குப் பிள்ளை பிறந்தபோது, அம்மாவையும் என்னையும் ரயிலில் கூட்டிக்கொண்டு போனவர் சித்தப்பாதான். கதவோரம் இருந்தார். ஒவ்வொரு தரிப்பிலும் யார் ஏறுகிறார்கள் என்று பார்த்தார். முகமெல்லாம் வேர்த்து ஒழுகியது. நான் ஒரு பொலித்தீன் பையை மடியில் விரித்துப் பிடித்துக்கொண்டு அவர் வாயையே பார்த்தபடி இருந்தேன். நல்லவேளை, அவர் சத்தி எடுக்கவில்லை.

ஏழாவது ஆட்டம் பால்காரரின் ஊரில். பக்கத்து மாவட்டம், இருபது கிலோமீற்றர்கூட இல்லை. நெட்டையன் தானே சித்தப்பாவைக் கூட்டிக்கொண்டு அலுவலகம் போய் அனுமதி கேட்டுப் பார்த்தான். பந்து விளையாடுவது அவசரக் காரணம் ஆகாது என்று சொல்லிவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் நெட்டையன் எங்கள் அறைக்கு வந்தான். கூடவே அதே அணியில் விளையாடும் ஈரான் நாட்டு மாணவன். மாணவ விசாவில் வந்தவன். எங்கும் போய் வரலாம். கறுத்த மீசை, சிரித்த முகம், அம்மாவின் வடைக்காகவே அடிக்கடி வருவான். ஆட்டத்தில் நாலு புள்ளி எடுத்தால் அவனுக்கு அது திருவிழா. வந்தவர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். என்னை வெங்காயம் உரிக்க அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்தபோது ஈரானியனின் விளையாட்டுப் பை எங்கள் கட்டிலுக்கடியில் இருந்தது. மறந்துபோய்விட்டான் என்று நான் நினைத்தேன்.

சனிக்கிழமை பின்னேரம் ஏழு மணிபோல் சித்தப்பா சமையலறைக்குள் வந்தார். கறிக்கு வைத்திருந்த முட்டைக்கோவாவை எடுத்துக் கையில் சுழற்றினார். அவ்வளவுதான், விடுதியே எழும்பிவிட்டது. ஒன்பதாம் அறை அண்ணை கதிரையில் ஏறி நின்று பிளாஸ்டிக் வாளியைத் தலைக்குமேல் பிடித்தார். சித்தப்பா ஒவ்வொரு கூடையையும் திரும்பப் போட்டுக் காட்டினார். இடப்பக்கத்தால் போனது, இரண்டு பேருக்கு நடுவில் புகுந்தது, கடைசி நிமிடத்தில் திரும்பி நின்று எறிந்தது. நான் விரல் விட்டு எண்ணிக்கொண்டு வந்தேன். இருபத்தாறு புள்ளி. பால்காரர் முதல்தடவையாகத் தோற்றார்கள்.

“எங்கட தம்பிக்கு வெளியூரில கை நடுங்குதாம்! பத்திரிகைக்காரனை வரச் சொல்லுங்கோ, வந்து இந்தக் கோவாவைப் பிடிக்கட்டும்,” என்று அண்ணை கதிரையில் நின்றபடி கத்தினார்.

அன்று இரவு கோவா வறை. அடிபட்டே பதமாகியிருந்தது. சாப்பாட்டுக்கு நடுவில் அம்மா என்னிடம், “இதை ஒருத்தரிட்டையும் கதைச்சுப்போடாதை,” என்றார். அம்மா அதை எல்லாவற்றுக்கும் சொல்வார். எனக்குத் தலையில் பேன் வந்ததற்கும் சொன்னார், ஹவுஸ்மைஸ்டர் கருவாட்டு மணத்துக்கு மூக்கைப் பொத்தியதற்கும் சொன்னார். அடிக்கடி கேட்ட சொல், காதில் விழுந்து அப்படியே போய்விட்டது.

திங்கட்கிழமைப் பக்கத்தைப் பிரித்தால் அதிசயத்துக்கு மேல் அதிசயம். அதே நாளில் அடியில் கிடந்த தாடிக்காரர் பல்லுப் பிடுங்கிகளை வென்றிருந்தார்கள். எங்கள் பெடியள் பாதிப் பருவத்தில் இரண்டாம் இடம். நான் சுவர் அட்டவணையில் பேனையாலேயே எழுதினேன். பிறகு கீழே சின்ன எழுத்தில் இருந்த பெயர்ப்பட்டியலுக்கு வந்தேன். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அவர் எடுத்த புள்ளி. சித்தப்பாவின் பெயரைக் காணவில்லை. மேலிருந்து கீழ், கீழிருந்து மேல் தேடினேன். ஈரானியனின் பெயருக்குப் பக்கத்தில் இருபத்தாறு என்று இருந்தது.

“சித்தப்பா, உங்கட இருபத்தாறையும் அவருக்குப் போட்டிருக்கினம்!”

“பாவம், அவனுக்கும் ஒரு நாள் நல்ல காலம் வரத்தானே வேணும்,” என்றார் ஒன்பதாம் அறை அண்ணை. எல்லோரும் சிரித்தார்கள். சித்தப்பாவும் சிரித்தார். அப்பா கூடச் சிரித்தார். அவர் சிரித்து நான் கண்டு கனகாலம்.

எனக்கு அழுகை வந்தது. இவர்களிடம் எதைப் பறித்தாலும் இப்படித்தான் என்று நினைத்தேன். அலுவலகத்தில் நாளைக்கு வா என்றால் தலையாட்டிவிட்டு வருவார்கள். கடையில் பின்னால் வந்தவளுக்கு முதலில் கொடுத்தால் விலகி நிற்பார்கள். இப்போது இருபத்தாறு புள்ளியை எடுத்துக்கொண்டு போகிறான், அதற்கும் சிரிக்கிறார்கள். ஆருக்காவது ரோசம் இருக்க வேண்டாமா? ஜேர்மன் தெரிந்தவள் நான் ஒருத்திதானே.

பள்ளிக்கூடத்தில் அந்த மாதம் கடிதம் எழுதப் பழக்கினார்கள். அனுப்புபவரின் பெயர், முழு முகவரி, திகதி எல்லாம் சரியாக இருந்தால்தான் கடிதத்துக்கு மதிப்பு என்று ஆசிரியை சொல்லித் தந்திருந்தார். நான் ஒன்றையும் விடவில்லை. ‘மதிப்புக்குரிய ஐயா, உங்கள் பத்திரிகையில் ஒரு பிழை இருக்கிறது. சனிக்கிழமை பால்காரரின் ஊரில் இருபத்தாறு புள்ளி எடுத்தவர் என் சித்தப்பா. அவர் எங்களோடு பதினான்காம் அறையில் இருக்கிறார். நீங்கள் வந்து கேட்கலாம், அவர் எப்போதும் வீட்டில்தான் இருப்பார். மற்றவர் நல்ல மனிதர், ஆனால் அவரால் நாலு புள்ளிக்கு மேல் எடுக்க ஏலாது. தயவுசெய்து திருத்தவும்.’ பால்காரர் என்று எழுதவில்லை, ஊரின் உண்மைப் பெயரைத்தான் எழுதினேன். சித்தப்பாவின் முழுப் பெயரையும், அவருடைய தாளில் இருப்பதுபோல, அப்பப்பாவின் பெயர் முன்னால் வர எழுதினேன். செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடம் போகிற வழியில் பத்திரிகை அலுவலகத்தின் பெட்டிக்குள் நானே போட்டேன். அம்மா கதைக்கக் கூடாதென்றுதான் சொன்னார். நான் கதைக்கவில்லை, எழுதினேன்.

சனிக்கிழமை ஹவுஸ்மைஸ்டர் காலையிலேயே படியேறி வந்துவிட்டார். கோப்பி வட்டம் இல்லாமல் எங்களுக்கு வந்த ஒரே பத்திரிகை அதுதான். பக்கத்தைத் தட்டித் தட்டிக் காட்டி, என் தலையைத் தடவிவிட்டுப் போனார். அந்தச் செய்தியாளர் இளகிய மனதுக்காரராக இருக்க வேண்டும். ஒரு சொல்லையும் மாற்றாமல், பெட்டி கட்டி, ‘எங்கள் மிக இளைய வாசகி’ என்று தலைப்பும் போட்டிருந்தார்.

சமையலறையில் எல்லோரும் இருந்தார்கள். நான் நடுவில் நின்று ஒவ்வொரு வரியாக ஜேர்மனில் வாசித்து, தமிழில் சொன்னேன். இரண்டாம் வரியிலேயே அம்மாவின் கத்தி நின்றுவிட்டது. யாரோ அடுப்பை அணைத்தார்கள். எல்லோரும் கவனமாகக் கேட்கிறார்கள் என்று நான் குரலை உயர்த்தினேன்.

முடிந்ததும் ஒன்பதாம் அறை அண்ணை மெல்லக் கேட்டார்: “பதினாலாம் அறை எண்டும் போட்டிருக்கோ?”

“ஓம்!”

“எந்தக் கட்டில் எண்டும் போட்டிருக்கலாமே.”

அவர் பகிடி விட்டால் விடுதி அதிரும். அன்று ஒருவரும் சிரிக்கவில்லை. அம்மா கையை ஓங்கினார். பிறகு அந்தக் கை என்னவோ எடுக்கப் போனதுபோல மேசையில் விழுந்தது. அப்பா, “இதுக்கு ஆரை ஏசுறது,” என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டார். சித்தப்பா பத்திரிகையை வாங்கிப் பார்த்தார். அவருக்கு ஜேர்மன் வாசிக்கத் தெரியாது. தன் பெயர் இருந்த இடத்தை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு மடித்து வைத்தார்.

திங்களன்று நெட்டையன் வந்தான். வேறொருவரின் அட்டையில் ஆளை இறக்கியதால் வெற்றி பறிபோய்விட்டது; இருபதுக்குப் பூச்சியம் என்று ஆட்டத்தைப் பால்காரருக்குக் கொடுத்துவிட்டார்களாம். சித்தப்பாவையும் ஈரானியனையும் இனி விளையாட விடமாட்டார்களாம். அன்றைக்கு நடுவர் அட்டையில் இருந்த மீசையைப் பார்த்தார், சித்தப்பாவின் மீசையைப் பார்த்தார், கறுத்த தலை எல்லாம் ஒன்றுதான் என்று தலையாட்டி உள்ளே விட்டாராம். நெட்டையன் அதைச் சொல்லும்போது சிரிக்கத்தான் பார்த்தான், முடியவில்லை. சித்தப்பா கோட்டின் உள்பையிலிருந்து தன் அட்டையை எடுத்து இரண்டு கையாலும் கொடுத்தார். நெட்டையன் அதை ஒற்றைக் கையால் வாங்கப்போய், பிறகு அவனும் இரண்டு கையை நீட்டினான்.

அலுவலகத்திலிருந்தும் கடிதம் வந்தது. அப்பாவும் சித்தப்பாவும் போனார்கள். என் கடிதத்தை வெட்டி எடுத்துக் கோப்பில் ஒட்டி வைத்திருந்தார்களாம். எல்லை தாண்டியதை ஒப்புக்கொள்ள வைத்துக் கையெழுத்து வாங்கினார்களாம். “இன்னொருக்கால் எண்டால் வழக்காம். வழக்கு வந்தால் எங்கட அகதிக் கேசும் முடிஞ்சுது,” என்று அப்பா அம்மாவிடம் சொன்னார்.

ஈரானியன் மட்டும் வழமைபோல வடைக்கு வந்தான். என்னைக் கண்டதும் நெஞ்சில் அடித்துக்கொண்டு, “என் வாழ்க்கையில் நான் எடுத்த மிகக்கூடிய புள்ளி அது. அதையும் இவள் பறித்துவிட்டாள்!” என்று ஜேர்மனில் சொன்னான். நான் அவனோடு கதைக்கவில்லை. கள்ளன் பகிடி விட்டால் கள்ளன் இல்லையென்று ஆகிவிடுமா?

சுவர் அட்டவணையை நான்தான் மாற்ற வேண்டியிருந்தது. பேனையால் எழுதியது அழியாது. மேலே வெள்ளைத் தாள் ஒட்டி, எங்கள் பெடியளை ஐந்தாம் இடத்துக்கு இறக்கினேன். அடுத்த திங்கள் முடிவு கேட்க எவரும் எழும்பி வரவில்லை. என்னை யாரும் ஏசவில்லை. அதுதான் பயமாக இருந்தது. ஏசினால் எது பிழை என்றாவது தெரிந்திருக்கும்.

ஒருநாள் பின்னேரம் சித்தப்பா யன்னலடியில் நின்றபோது பக்கத்தில் போய் நின்றேன்.

“சித்தப்பா, நான் எழுதினதில என்ன பிழை?”

மைதானத்தில் பந்து அடிக்கும் சத்தம் கேட்டது.

“பெரிசா ஒண்டுமில்லை, குஞ்சு. இருபத்தாறு எண்டு எழுதிப்போட்டாய். இருபத்தெட்டு. கடைசியாப் போட்டதை மேசையில இருந்து புள்ளி எழுதினவன் காணேல்லை.”

எனக்கு உயிர் வந்தது. அவ்வளவுதானா? கோவாவை எண்ணும்போது ஒன்றை விட்டுவிட்டேன் போலிருக்கிறது. பிழையான கணக்கை எழுதினால் எந்த அலுவலகம்தான் கோபிக்காது? உடனே போய் இரண்டாவது கடிதம் எழுத உட்கார்ந்தேன். இருபத்தெட்டு என்பதற்குக் கீழே இரண்டு கோடு போட்டேன். அத்தோடு, சித்தப்பாவுக்குப் பயணம் ஒத்துவராது என்று அங்கே யாராவது நினைத்துத்தான் அவரை மறித்து வைத்திருக்கிறார்களோ என்று ஒரு சந்தேகம். ஆகவே, அவர் ஆவணி மாதம் அம்மாவையும் என்னையும் வுப்பர்டாலுக்கு ரயிலில் கூட்டிக்கொண்டு போய்வந்தார், ஒருதரம்கூடச் சத்தி எடுக்கவில்லை, நானே பக்கத்தில் இருந்து பார்த்தேன் என்றும் எழுதினேன். பெரியம்மாவின் முகவரியையும் சேர்த்தேன், விசாரித்துப் பார்க்க வசதியாக.

இந்த முறை பிழை வரக் கூடாதென்று, ஒட்டுவதற்கு முன் சித்தப்பாவுக்கு ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லிக் காட்டினேன். முடிந்ததும் கண்ணைத் துடைத்தார். சிரித்த கண்ணீர் என்றுதான் நினைத்தேன், வாய் சிரித்துக்கொண்டுதான் இருந்தது.

“நல்லா எழுதியிருக்கிறாய், பிள்ளை. குளிருக்குள்ள நீ போகாதை. நான் கொண்டுபோய்ப் போடுறன்,” என்று வாங்கிக்கொண்டார்.

அடுத்த திங்களும் அதற்கடுத்த திங்களும், தோல் விழுந்த பிறகுகூட, பக்கத்தைத் துடைத்துத் துடைத்துத் தேடினேன். திருத்தம் வரவில்லை. இவர்கள் தங்கள் பிழையை ஒப்புக்கொள்ளவே மாட்டார்கள் என்று விடுதி முழுக்கச் சொல்லித் திரிந்தேன். சித்தப்பாவும், “ஓம் பிள்ளை, மாட்டாங்கள்,” என்றார்.

ஆனால் எனக்கு ஒரு ஆறுதல் இருந்தது. அந்தக் குளிர்காலம் முழுக்க, சித்தப்பா வெளியே புறப்படும்போது பழையபடி நெஞ்சைத் தட்டிப் பார்த்துக்கொண்டார். கோட்டின் உள்பைக்குள் தாள் நெரிபடும் சத்தம் கேட்கும். பத்திரிகையில் போடாவிட்டாலும் கடிதத்தை வாசித்திருக்கிறார்கள், அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள் என்று நான் சந்தோஷப்பட்டேன்.